குளிர்ந்த சாவி

முதலாவது நாற்பத்தைந்து நிமிடம்.
ஆரம்பத்தில் இசை, நடுவில் இசை, முடிவிலும் இசை,
கொழும்பிலிருந்து ஒரு விருந்தினர்,
அவருடைய லைன் விட்டு விட்டு வந்தது.
இரண்டாவது முப்பத்தெட்டு.
மூன்றாவதை வெட்டி ஒட்டப் பத்தொன்பது நாள்.
நான்காவது இல்லை.

எட்டு மாதம்
மைக்கின் மேல் துவாய் காய்ந்தது.
பொட்காஸ்ட் என்னாச்சு என்று யாரும் கேட்டால்
வருது என்பேன்,
பஸ் நிலையத்தில் சொல்கிற மாதிரி.

நான் படம் வரைகிறவள்.
கிழமைக்கு ஒரு நிறத்தைக் காதுக்குச் சொல்லவேண்டும்,
அவ்வளவுதான் ஆசை.
கேட்கிறவர் கண்ணை மூடியிருக்கலாம்,
கண் தெரியாதவராயும் இருக்கலாம்.
இதற்கு விருந்தினர் எதற்கு?

கரண்ட் போன ஓர் இரவு
ஹாட்வெயார் கடைக் கலண்டரின் முதுகில்
கரித்துண்டால் எழுதினேன்:
ஏழு நிமிடம்.
ஒரே மூச்சு.
வெட்டு மூன்றுக்கு மேல் இல்லை.
பிழைத்தால் பிழைக்கட்டும்.

செவ்வாய் விடியப்புறம் நாலரை.
உவர்மலையில் வாடகை இல்லாமல் எனக்குக் கிடைக்கிற
ஒரே ஸ்டூடியோ அந்த நேரம்தான்.
கொஞ்சத்தில் பாங்கு, பிறகு காகம்,
பிறகு பாண் ஓட்டோவின் பாட்டு,
பிறகு ஊர் எல்லாருடையதும்.
அலுமாரியைத் திறந்து
சேலைகளுக்குள் தலையைக் கொடுக்கிறேன்.
பூச்சி உருண்டை மணக்க மணக்கக் கதைக்கிறேன்.
விசிறியை நிறுத்தியாயிற்று.
ஃபிரிட்ஜின் வயரையும் கழற்றியாயிற்று.

முதல் தடவை அதைத் திரும்பக் கொழுவ மறந்து
இரண்டு கிலோ பாரை கெட்டது.
அன்றிலிருந்து ஸ்கூட்டிச் சாவி
ஃபிரிட்ஜுக்குள், மீன் சட்டிக்குப் பக்கத்தில்.
வேலைக்குப் போவதென்றால்
அந்தக் கதவைத் திறந்தே ஆகவேண்டும்.
என்னை நான் நம்பாமல் விட்ட இடத்தில்தான்
எல்லாம் ஒழுங்காகத் தொடங்கியது.

பிஸ்கட் தகரத்தில் கடதாசித் துண்டுகள்:
நனைந்த மான்.
மூதூர்ப் படகின் எண்ணெய், தண்ணீருக்கு மேல்.
சீனக்குடா மா ஆலையில் இரவு வேலை முடிந்தவரின் புருவம்.
கண்ணை மூடி ஒன்றை எடு.
பிடிக்காவிட்டாலும் திருப்பிப் போடாதே.
கோப்புக்குப் பெயர்: இலக்கம், தேதி, நிறம்.
கடைசி, புதுக்கடைசி, உண்மையாகவே கடைசி
என்று கிடந்ததையெல்லாம் அழித்தேன்.
வியாழன் வெள்ளியாகிற நேரம்
இரவு டேட்டாவில் ஏற்றிவிட்டுப் படுக்கை.

நல்ல கிழமைகளில் இரண்டு கூடுதலாகப் பேசி
ஒளித்து வைத்திருந்தேன்,
அரிசிப் பானைக்குள் காசு வைக்கிற மாதிரி.
கார்த்திகையில் டெங்கு வந்தது.
முதல் கிழமை ஒன்று போனது, அடுத்த கிழமை மற்றது.
மூன்றாம் செவ்வாய் பானை காலி.
கால் நடுங்க எழும்பித் தகரத்தைக் குலுக்கினால்
வெறும் "வெள்ளை" என்று ஒரு துண்டு.
எந்த மடையன் எழுதியது?
என் கையெழுத்து.

சேலைன் போத்தலைப் பற்றிச் சொன்னேன்.
அது வெள்ளையே இல்லை,
வார்டின் சுவரை வாங்கி வைத்திருக்கிறது என்று சொன்னேன்.
நாலு நிமிடம்.
நடுவில் பெரிய இருமல்.
வெட்டு மூன்று மிச்சம் இருந்தும்
வெட்டத் தெம்பில்லை.

கேட்பவர்கள் நாற்பத்தொரு பேர்.
கிண்ணியாவிலிருந்து ஹம்ஸியா என்ற ஒருத்தி
அதுவரை ஒன்றும் எழுதாதவள்
எழுதியிருந்தாள்:
நீங்க இருமின இடத்தில மெஷினை நிப்பாட்டினன்.
வெள்ளை நூல்தான் போட்டிருந்தன்.

மற்ற நாற்பது பேரும்
இருமலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.
விருந்தினரும் இசையும் இல்லாததைப் பற்றியும்தான்.

இன்றைக்கு அறுபத்து மூன்று.
பேசி முடித்தேன், வயரைக் கொழுவினேன்,
சட்டிக்குப் பக்கத்தில் கையை விட்டு
சாவியை எடுத்தேன்.
அச்சகத்தில் கலியாணக் கார்ட் இருநூறு காத்திருக்கிறது.
கோட்டையடியில் மான் ஒன்று
நடுரோட்டில் நின்று நகர மாட்டேன் என்றது.
வெயில் அதன் காதுக்குள்ளால் வந்தது,
உள்ளே சின்னச் சின்ன நரம்பு,
தோடம்பழத்தின் உள்தோல் மாதிரி ஒரு நிறம்.

தகரத்துக்கு ஒரு துண்டு.
பேனை இல்லை.
சாவி இன்னும் குளிர்ந்தபடி.